சிவப்பு நல்லதென்று சொன்னாயே

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ வாசிக்க மாட்டாய் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போடுவாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. உனக்கு ஒரு பக்கத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க அரை நாள் வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போனவன் நீ. ஆகவே நந்தினிதான் இதை உனக்கு வாசித்துச் சொல்லப் போகிறாள். கோயம்புத்தூரில் பள்ளிக்கூடம் முடியும்வரை தமிழ் படித்த பிள்ளை அவள். மியூனிக்கில் உங்கள் வீட்டுச் சோபாவில் நீ காலை நீட்டிக்கொண்டு இருப்பாய், அவள் வாசிப்பாள். அதனால்தான் இதை அவள் பெயருக்கே அனுப்புகிறேன். நந்தினி, பிள்ளை, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதில் உள்ளதை உள்ளபடி வாசி. அவன் முகம் சுருங்கினாலும் ஒரு சொல்லையும் விழுங்காதே. "ஆன்ட்டி கொஞ்சம் வருத்தமா இருக்காங்க, வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடாதே. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சுருக்கியும் இனிப்பாக்கியும் சொல்வதால் வருகிற கேடு பற்றியதுதான் இந்தக் கடிதம் முழுவதும்.

வைகாசியில் உனக்குக் கலியாணம். கலியாணத்துக்கு முன் ஒரு தாய் மகனுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதி வைப்பாள். நானும் தை மாதமே மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், நீ பிறந்த அன்று இங்கே பீலெஃபெல்டில் எப்படிப் பனி கொட்டியது, இப்படியெல்லாம். பங்குனியில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அந்தக் கடிதம் எனக்குள் செத்துப்போய்விட்டது. இது வேறு கடிதம். நீ என்னை ஏமாற்றினாய். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நந்தினிக்கு நீ முழுக் கதையையும் சொல்லியிருக்க மாட்டாய். எனக்குச் சொல்லாதவன் அவளுக்கா சொல்லியிருப்பாய்? எனவே தொடக்கத்திலிருந்து வருகிறேன். போன வருடம் வசந்தத்தில் என் நெஞ்சு தாளம் தப்பத் தொடங்கியது. பாண் தொழிற்சாலையில் ரொட்டிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது, துணி எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துபோன வாஷிங் மெஷின் மாதிரி உள்ளே ஒன்று உதறிக்கொண்டு கிடக்கும். மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். வயதாகிறது என்றுதான் நினைத்தேன். வீட்டு டொக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்றார். இரத்தம் உள்ளே தேங்கிக் கட்டியானால் அது மூளைக்குப் போய்விடலாம் என்று, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை தந்தார். புரட்டாதியில் என்னை மயக்கி, நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சித் தாளத்தை நேராக்கினார்கள். இரண்டு மூன்று கிழமை நேராக ஓடியது. பிறகு பழையபடி. தானாக நிற்காத, விடாப்பிடியான வகை இது என்றும், இதயத்துக்குள்ளேயே போய்ப் பார்த்துச் சரிசெய்வது பற்றிப் பேசலாம் என்றும் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் டெர்மின் எடுத்து நாள் குறித்துத் தந்தார்கள். ஐப்பசியில் அந்த நாளுக்கு நீ லீவு போட்டுவிட்டு மியூனிக்கிலிருந்து ரயிலில் வந்தாய். என் பிள்ளை எனக்காக வந்துவிட்டான் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த அறை உனக்கு நினைவிருக்கும். கட்டை முடி வெட்டிய இளம் டொக்டர் பிள்ளை, மேசையில் பிளாஸ்டிக்கில் ஒரு இதயம். அவள் அந்த இதயத்தைத் திறந்து காட்டி நீளமாகப் பேசினாள். நீ தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாய். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் அப்படித்தானே, டொச், இந்த நாட்டு ஜெர்மன், பேசுகிறவர் எந்தப் பக்கம் இருந்தாலும் என் கண் உன் பக்கம்தான். அவள் நிறுத்தியதும் நீ என்னிடம் திரும்பினாய்.

"அம்மா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. சின்ன விசயம். தொடையடியாலை நரம்புக்குள்ளை மெல்லிய வயர் ஒண்டு விடுவினம். அது இதயத்துக்கு உள்ளை போய் ஒரு மப் கீறும். கார் ஓடேக்கை பாதை காட்டுமே, அது மாதிரிக் கலர் கலரா. எந்த இடம் குழப்படி செய்யுதெண்டு பாத்து, அந்த இடத்தைச் சுட்டு விடுவினம். பிறகு எல்லாம் சரி."

"சுடுறதோ?"

"உங்களை நித்திரையாக்கிப் போட்டுத்தான். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

நான் அந்தப் பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "தம்பி, இதைச் செய்யாமல் குளிசையோடை இருக்க ஏலாதோ எண்டு ஒருக்காக் கேள்."

நீ அவளிடம் திரும்பிப் பேசினாய். நான் கேட்கச் சொன்னது ஒரு வரி. நீ கேட்டது நீளமாக இருந்தது, அதற்குள் கலியாணம் என்கிற டொச் வார்த்தை வந்தது. அது எனக்குத் தெரிந்த வார்த்தை, தொழிற்சாலையில் மாதம் ஒருத்தி கலியாணம் கட்டுகிறாள். டொக்டர் பிள்ளை முகம் மலர்ந்து சிரித்து, கணினியில் நாள் பார்த்தாள். என்னவாம் என்று கேட்டேன். "ஏலாதாம் அம்மா. கட்டாயம் செய்யவேணுமாம். கார்த்திகையிலை செய்யலாமாம்." கலியாணத்தைப் பற்றி என்ன பேசினாய் என்றேன். "சும்மா. என்ரை கலியாணம் வருதெண்டு சொன்னனான். வாழ்த்துச் சொன்னவ." நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என்னை நேராகப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, எல்லாம் விளங்கியதா என்று கேட்டாள். அது எனக்கு விளங்கியது. "யா, அல்லஸ்" என்றேன். எல்லாம் விளங்கியது என்று என் வாயால் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகையில் செய்தார்கள். கண்ணை மூடியது தெரியும், பிறகு தொடையில் இறுக்கிக் கட்டி, காலை மடக்காமல் மல்லாந்து படுக்கச் சொன்னது தெரியும். நீ கட்டிலுக்குப் பக்கத்தில் கைபேசியோடு நின்றாய். டொக்டர் பிள்ளை திரையில் காட்டிய என் இதயத்தின் படத்தை நீ படம் பிடித்து வைத்திருந்தாய். பழக்கடையில் அடுக்கி வைத்ததுபோல் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. "இந்தச் சிவப்பு என்னடா?" என்று அந்த மயக்கத்திலும் கேட்டேன். "அது நல்லது அம்மா. அங்கை நல்ல இரத்த ஓட்டம்." சொல்லிவிட்டு அதைக் குடும்பக் குழுவில் போட்டாய், அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று. கனடாவிலிருந்து உன் சின்னம்மா போன் எடுத்து, "அக்கா, உங்கடை இதயம் நல்ல கலரா இருக்கு, அந்தக் கலரிலையே மாப்பிளையின்ரை தாய் கட்டுற சீலையை எடுங்கோ" என்று சிரித்தாள். நானும் எடுத்தேன் தம்பி. சிவப்பில், ஊதாக் கரை போட்டது. அலுமாரியில் கிடக்கிறது.

மார்கழியும் தையும் நன்றாகத்தான் போயின. மாடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. மாசி முடிகிற நேரம், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தபோது வாஷிங் மெஷின் மறுபடி உதறியது. உனக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "சும்மா மனப்பயம் அம்மா. கலியாண யோசினை. படுங்கோ, சரியாப் போடும்." நானும் நம்பினேன். என் நெஞ்சில் என் கையை வைத்துக்கொண்டு, உள்ளே உதறுவதை விரலால் உணர்ந்துகொண்டு, மியூனிக்கில் இருக்கிற நீ சொன்னதை நம்பினேன். இதை நினைக்க இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பங்குனியில் திரும்பப் பரிசோதிக்கிற டெர்மினுக்கு நீ வரவில்லை. மண்டபக்காரரோடு சந்திப்பு இருக்கிறது, சும்மா ஈசிஜி எடுப்பார்கள், நீங்களே போய்வாருங்கள் என்றாய். போனேன். அதே டொக்டர் பிள்ளை. நான் தனியாக வந்ததைக் கண்டு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசினாள். எனக்கு விளங்கியது. உனக்கு இது புதினமாக இருக்கும். எனக்கு டொச் வராது என்பது நீயும் நானும் சேர்ந்து நம்பி வைத்த கதை. துருக்கிக்காரியோடும் போலந்துக்காரியோடும் இருபது வருடத்துக்கு மேல் பாண் அடுக்கியவள் நான். எங்கள் டொச்சில் ஒரு வசனமும் நேராக நிற்காது, ஆனாலும் பிள்ளைப்பேறு, விவாகரத்து, மூட்டுவலி எல்லாவற்றையும் அதில்தான் பேசி முடித்தோம். உனக்கு முன்னால் மட்டும்தான் எனக்கு வாய் எழும்பாது. நான் வாய் திறந்தால் நீ முகத்தைச் சுளித்துத் திருத்துவாய், பிறகு நான் சொல்ல வந்ததை நீயே சொல்லி முடிப்பாய். எத்தனை வருடம் அப்படி. வாய் தானாக மூடிக்கொண்டது.

தாளம் மறுபடி தப்பிவிட்டது என்று ஈசிஜியைக் காட்டிச் சொன்னாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். அந்தக் கலர் படம். அதைக் கண்டதும் தெரிந்த ஆளைக் கண்டதுபோல் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சிவப்பைத் தொட்டுக் காட்டி, "இது நல்லது, நல்ல இரத்தம்" என்றேன் என் தொழிற்சாலை டொச்சில். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து ஊதா நிறத்தின் மேல் வைத்து, இதுதான் நல்ல தசை என்றாள். சிவப்பின் மேல் வைத்து, இங்கே தழும்பு என்றாள். தன் முன்கையில் இருந்த ஒரு பழைய சூட்டுக்காயத் தழும்பைக் காட்டி, இதைப்போல என்றாள். ஒருமுறை போதாமல் போகலாம், மறுபடி வரலாம் என்று முதலிலும் சொன்னேன், செய்து முடித்த அன்று இவ்வளவு தழும்பையும் படத்தில் காட்டியும் சொன்னேன், உங்கள் மகன் உங்களுக்கு விளக்கினார்தானே என்று கேட்டாள்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொடர்ந்தாள். குளிசையோடு இருப்பதும் ஒரு வழிதான், அவசரமில்லை, யோசித்து முடிவெடுங்கள் என்று அப்போதே சொல்லியிருந்தாளாம். ஆனால் நீங்கள் குளிசை வேண்டாம், மகனின் கலியாணத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று விரும்பினீர்கள் அல்லவா, அதனால்தான் கார்த்திகையில் இடம் தேடித் தந்தோம் என்றாள். நான் விரும்பினேனாம். என் வாயிலிருந்து வராத விருப்பம் ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் என் பெயரில் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. அரிதாக மூளையில் இரத்தக்கட்டி வரலாம், இதயச் சுவரில் ஓட்டை விழலாம் என்பதையும் அன்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை, கடவுள் புண்ணியம். நடந்திருந்தால் எதற்கு ஓம் என்றேன் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பேன்.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "யா, யா, கலியாணம்" என்று சிரித்தேன். மகன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்வியை மாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால் உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வெளியே வந்து ட்ராம் நிறுத்தத்தில் இருந்தேன். ட்ராம் வந்தது, போனது, மறுபடி வந்தது.

அன்று பின்னேரம் உனக்குப் போன் எடுத்தேன். நீ மறுக்கவில்லை, அதற்கு நன்றி. "பயப்பிடுவியள் எண்டுதான் அம்மா சொல்லேல்லை" என்றாய். குளிசையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா நீங்கள் குளிசைதான் எண்டு இருந்திருப்பியள். கலியாணத்திலை மூச்சு வாங்கிக்கொண்டு நிப்பியள். சனம் கலியாணத்தைத் தள்ளி வையெண்டு சொல்லும். நந்தினியின்ரை அப்பா அம்மாவுக்கு விசா எல்லாம் எடுத்தாச்சு, மண்டபம் எடுத்தாச்சு." பிறகு உன் குரல் உடைந்தது. "ஏழு வயசிலையிருந்து உங்களுக்கு நான்தானே வாய். எல்லாத்தையும் நான்தானே கேட்டு, நான்தானே சொல்லி... எனக்குக் களைச்சுப் போச்சம்மா." நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

களைத்துப் போனாய் என்பது உண்மை. அதை நான் தட்டவில்லை. உனக்கு எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. உன் ரீச்சர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். "நான் நல்லாப் படிக்கிறனாம், மற்றப் பிள்ளையளுக்கும் உதவி செய்யிறனாம்" என்றாய். நான் எழும்பி அவள் கையைப் பிடித்துக் குலுக்கி டங்க, டங்க என்று நன்றி சொன்னேன். அந்த மனுசி திகைத்துப்போய் நின்றாள். நீ பக்கத்து வீட்டுத் துருக்கிப் பெடியனின் மூக்கை உடைத்ததை அவன் தாய் வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. உன் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். என் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. இப்போது அந்தக் கதையை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு உன் அப்பா. இதை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. நந்தினி, இந்த இடத்தில் நிறுத்தி அவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேள், பிறகு வாசி. உனக்குப் பதினாறு வயது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டொக்டர் உன்னைக் கூப்பிட்டு, உன் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார். நீ என்னிடம் வந்து, "மருந்து வேலை செய்யுதாம், கொஞ்ச நாளிலை வீட்டை விடுவினமாம்" என்றாய். உன் அப்பா வீட்டுக்கு வரப்போகிறார் என்று நான் ஓடிப்போய்ப் புதுப் படுக்கை விரிப்பு வாங்கி விரித்தேன். அந்தக் கிழமை முடியவில்லை, அவர் போய்விட்டார். உனக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு அன்றே விளங்கியது. ஆனாலும் அதற்காக உன்னை ஒரு சொல் கேட்டேனா? ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம், உன் அப்பா சாகப்போகிறார், போய் உன் அம்மாவுக்குச் சொல் என்று எந்த மனுசன் சொல்லலாம்? அந்தப் பாரம் உன்னுடையது இல்லை. அதைப் பொய் என்றுகூட நான் நினைத்ததில்லை. உன்னால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

அதை வைத்துத்தான் இத்தனை வருடமும் உனக்குச் சாட்டுச் சொல்லி வந்தேன். வரி அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று முழுவதும் சொல்ல மாட்டாய், சரி, என் மனம் நோகும் என்று நினைக்கிறான். வீட்டுக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு ஒன்றுமில்லை என்பாய், சரி, தகப்பனை இழந்த பிள்ளை. இந்த முறையும் அந்தச் சாட்டைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அப்போது என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாய். இப்போது மண்டபத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னாய். உனக்கு இப்போது முப்பத்துநாலு வயது.

எனக்கு எது சுடுகிறது என்று சொல்லட்டா? நீ என்னிடம் நேராக, அம்மா, எனக்கு நீங்கள் கலியாணத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஆபத்து கொஞ்சம் இருக்கிறது, மறுபடி வரவும் கூடும், எனக்காகச் செய்வீர்களா என்று கேட்டிருந்தால், நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாம் தரம் கேட்கத் தேவையிருந்திருக்காது. அதே நாளில், அதே கட்டிலில் படுத்திருப்பேன். ஆனால் அது நான் கொடுத்ததாக இருந்திருக்கும். நான் சந்தோசமாகக் கொடுத்திருக்கக்கூடிய ஒன்றை நீ எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டாய். திருடன் எடுத்தால் போலீசுக்குப் போகலாம். பெற்ற பிள்ளை எடுத்தால் எங்கே போவது?

நாலு நல்ல வார்த்தை சொல்வதென்று தொடங்கினேன், ஒன்றாவது சொல்கிறேன். நந்தினி உன்னிடம் ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீ அளக்கத் தொடங்காதே. கெட்ட செய்தி வரும் நாளும் வரும், எல்லா வீட்டுக்கும் வரும். அன்று அவளைப் பக்கத்தில் இருத்தி, உனக்குத் தெரிந்த அளவைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுங்கள். அவளுக்காக நீ மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்தால், ஒருநாள் அவள் வேறொருவர் திரையில் சிவப்பைப் பார்த்துச் சிரிப்பாள். நந்தினி, பிள்ளை, இவன் கெட்டவன் இல்லை. இவன் சின்ன வயதிலேயே பெரிய ஆட்களுடைய வார்த்தைகளைக் காவித் திரிந்து, எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தானே தீர்மானிக்கப் பழகிவிட்டான். அந்தப் பழக்கத்தை உன் வீட்டுக்குள் விடாதே. கடுமையாக இரு.

பங்குனியில் தனியாகப் போன அன்று, ஆஸ்பத்திரிக் கதிரையை விட்டு எழும்புவதற்கு முன், ஐப்பசியில் நீ கேட்காமல் விட்ட கேள்வியை நானே கேட்டேன். குளிசையோடு இருக்கலாமா? வசனம் நேராக வந்திருக்காது. அவளுக்கு விளங்கியது. ஒரு கடதாசி எடுத்து இரண்டு பாதை கீறிக் காட்டினாள். ஒன்றில், நடுக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் குளிசையால் அடக்குவது. களைப்பு கொஞ்சம் இருக்கும், அதோடு வாழலாம். மற்றதில், மறுபடி உள்ளே போய்ப் புது மப் கீறி, எந்த இடத்தில் மின்சாரம் திரும்பக் கசிகிறது என்று தேடிச் சுடுவது. உங்கள் களைப்பைப் பார்த்தால் நான் இரண்டாவதைச் சொல்வேன், ஆனால் இதயம் உங்களுடையது, இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை எதை எடுத்தாலும் வேண்டும் என்றாள். எந்த நாள் வேண்டும் என்று கேட்டாள், கலியாணத்துக்கு முன்னா, பின்னா, அல்லது வேண்டவே வேண்டாமா. அந்த மேசையில் என்னை ஒரு ஆளாக வைத்து யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வருகிற வியாழக்கிழமை காலை டெர்மின்.

முடிவு எடுத்துவிட்டேன். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. உன் சின்னம்மாவுக்கும் சொல்லவில்லை. குடும்பக் குழுவில் போட ஒன்றும் இல்லை. கலியாணத்துக்கு வருவேன், அந்தச் சிவப்புச் சீலையைத்தான் கட்டுவேன், மூச்சு வாங்கினால் கதிரை கேட்டு வாங்கி இருப்பேன், சனம் பார்த்தால் பார்க்கட்டும். உன் மேல் உள்ள கோபம் அதற்குள் ஆறுமா என்று எனக்குத் தெரியாது. ஆறும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நந்தினி, இதுவரை அப்படியே வாசித்ததற்கு நன்றி. மிச்சம் நாலு வரிதான், அதையும் அப்படியே வாசி.

தம்பி, வியாழக்கிழமை வா. என் பக்கத்துக் கதிரையில் இரு. டொக்டர் என்னிடம் கேட்பாள், நான் அவளுக்கு என் டொச்சில் பதில் சொல்வேன், நீ வாயைத் திறக்காதே. ஏதாவது விளங்காவிட்டால் வெளியே வந்த பிறகு என்னிடம் கேள். ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

அம்மா